பூனையை மீட்கப் போன தபால் குமாஸ்தா

மாலை ஐந்து மணிக்குள் ஒரு கடிதம் குன்றின் மேலிருக்கும் மந்திரக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும். ஊரின் பெயர் ஃபெஸ்டரான். கடலோரத்துச் சின்ன ஊர். ஒரு தபால் ஆபீஸ், ஒரு நூலகம், ஒரு சினிமாக் கொட்டகை, ஒரு மயானம். போஸ்ட்மாஸ்டர் கிறிஸ்ப் சிடுசிடுப்பான ஆள். அவருக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தாவோ பறக்கும் டிராகனோடு சண்டை போடுவதாகப் பகல் கனவு கண்டுகொண்டிருக்கிறான். அதட்டி எழுப்பி, கடிதத்தைக் கையில் திணித்து, போ என்று விரட்டுகிறார். அந்தக் குமாஸ்தா வேறு யாருமில்லை, விளையாடுகிற நாம்தான்.

இந்த ஆட்டத்தின் பெயர் 'விஷ்பிரிங்கர்'. 1985-இல் அமெரிக்காவின் இன்ஃபோகாம் நிறுவனம் வெளியிட்டது. எழுதியவர் பிரையன் மோரியார்ட்டி. திரையில் ஒரு படம்கூடக் கிடையாது, எல்லாம் எழுத்து. ஆட்டம் நாலு வரி சொல்லும்: இங்கே நிற்கிறாய், வடக்கே பாதை போகிறது, ஒரு நாய் வழியை மறிக்கிறது. பிறகு ஒரு சின்னக் குறி வந்து காத்துக்கொண்டிருக்கும். நாம் எளிய ஆங்கிலத்தில் கட்டளை தட்ட வேண்டும். 'நார்த்' என்று அடித்தால் வடக்கே போவோம். 'கிவ் போன் டு டாக்' என்றால் நாய்க்கு எலும்பு போகும். எலும்பு கையில் இல்லாவிட்டால், இல்லையே என்று பதில் வரும்.

எனக்கு இதைக் காட்டியவள் என் பேத்தி, கம்ப்யூட்டர் படிக்கிறவள். நான் ரயில்வே தபாலில் சார்ட்டராக இருந்து ஓய்வு பெற்றவன், திருச்சி 'டி' டிவிஷன். ராத்திரி ரயிலின் தபால் பெட்டியில் நின்றபடி, ஆடிக்கொண்டே, கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போட்டு வாழ்ந்த ஜாதி. "தாத்தா, ஹீரோ உங்க டிபார்ட்மென்ட்" என்று சொல்லி லேப்டாப்பை என் முன்னால் நகர்த்தினாள். டிபார்ட்மென்ட் என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் ஒரே அர்த்தம்தான். உட்கார்ந்துவிட்டேன்.

இந்த வகை ஆட்டங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. வில் கிரவுதர் என்பவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் வேலை பார்த்த புரோகிராமர். இன்றைய இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட்டைக் கட்டியவர்களில் ஒருவர். அவருக்குக் குகைகளில் இறங்குவதில் பித்து. மனைவி பாட்ரிசியாவும் தேர்ந்த குகையாளர். கென்டக்கியின் மாமத் குகை பக்கத்துக் குகைத்தொடரோடு இணைந்தது என்பதை 1972-இல் கண்டுபிடித்த குழுவில் அந்த அம்மாளும் இருந்தார். பிறகு கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். மகள்கள் இரண்டு பேரும் தன்னிடம் வரும்போது விளையாடுவதற்காக, தான் அளந்த குகையை அப்படியே சொற்களில் வடித்து, கிரவுதர் 1970-களின் நடுவில் ஒரு ஆட்டம் எழுதினார். அதுதான் 'அட்வென்ச்சர்'. 1977-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்த டான் வுட்ஸ் என்பவர் அதை மேலும் விரித்துப் பெரிதாக்கினார். அந்த ஆட்டத்துக்கு இரண்டு சொல்தான் புரியும். வினை ஒன்று, பெயர் ஒன்று. 'கெட் லேம்ப்.' அவ்வளவுதான்.

இதைப் பார்த்து எம்.ஐ.டி.யில் நாலு பேருக்கு ரோஷம் வந்தது. மார்க் பிளாங்க், டேவ் லெப்லிங், டிம் ஆண்டர்சன், புரூஸ் டேனியல்ஸ். 1977-இல் 'ஸோர்க்' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு முழு வாக்கியமே புரிந்தது. ஸோர்க் ஒரு வெள்ளை வீட்டின் முன்னால் தொடங்குகிறது. அங்கே முதலில் கண்ணில் படுவது என்ன தெரியுமா? ஒரு சின்னத் தபால்பெட்டி. திறந்தால் உள்ளே ஒரு துண்டுப் பிரசுரம். அந்த வட்டாரத்து ஆட்கள்தான் 1979-இல் இன்ஃபோகாமைத் தொடங்கினார்கள்.

அவர்களுக்கு ஒரு சங்கடம். அன்றைக்கு வீட்டுக் கம்ப்யூட்டர்கள் ஆளுக்கொரு விதம். ஆப்பிளுக்கு எழுதினால் அட்டாரியில் ஓடாது, கமடோருக்கு எழுதினால் ஐ.பி.எம்.மில் ஓடாது. ஆட்டத்தை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க முடியுமா? அதனால் எங்குமே இல்லாத ஒரு கம்ப்யூட்டரைக் காகிதத்தில் கற்பனை செய்தார்கள். அதற்கு 'இசட் மெஷின்' என்று பெயர். ஆட்டங்களை எல்லாம் அந்தக் கற்பனை இயந்திரத்துக்கு எழுதுவது. பிறகு ஒவ்வொரு நிஜக் கம்ப்யூட்டருக்கும் அந்த இயந்திரமாக நடிக்கும் சின்ன புரோகிராம் ஒன்று எழுதிவிடுவது. அதனால்தான் 1985-இன் ஆட்டம் இன்றைக்கு என் பேத்தியின் லேப்டாப்பில் ஒரு வரிகூட மாறாமல் ஓடுகிறது. அந்தக் கம்ப்யூட்டர்களில் பலவும் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. காகிதத்தில் பிறந்தது மட்டும் சாகவில்லை.

உள்ளே எப்படி வேலை நடக்கிறது என்று பேத்தி விளக்கியபோது எனக்கு எங்கள் சார்ட்டிங் கேஸ்தான் ஞாபகம் வந்தது. சுவர் முழுக்கச் சதுரப் பொந்துகள், ஒவ்வொரு பொந்துக்கும் ஒரு ஊர். கையில் வரும் கடிதத்தில் சார்ட்டர் முழு முகவரியையும் படிக்கமாட்டான். எந்தப் பொந்து என்று தெரியும் அளவுக்கு மட்டும் படிப்பான். இசட் மெஷினும் அப்படியே. விஷ்பிரிங்கர் காலத்து ஆட்டத்துக்கு மொத்தமே 128 கிலோபைட்தான் இடம், அதற்கு மேல் கிடையாது. இன்றைக்கு நம் குடும்பக் குழுவில் வரும் ஒரு காலை வணக்கப் படமே அதைவிடப் பெரிது. ஆகவே எழுத்தை எல்லாம் அமுக்கி வைத்தார்கள், மூன்று எழுத்துக்கு இரண்டு பைட் என்று. நாம் தட்டும் எந்தச் சொல்லிலும் முதல் ஆறு எழுத்தை மட்டுமே பார்ப்பார்கள். மிச்சம் குப்பைக்கு. இந்த விதிப்படி ஆங்கில எழுத்தில் போஸ்ட்மாஸ்டரும் போஸ்ட்மேனும் ஒரே சொல்தான்! முதல் ஆறு எழுத்தும் அச்சாக ஒன்று. இதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள். எங்கள் ஆபீசில் யாரும் கொண்டுவர முடியாத சமத்துவம் அது.

பொருள்களை வைத்திருக்கும் விதமும் தபால்தான். கடிதம் உறைக்குள், உறை ஆளின் கையில், ஆள் அறைக்குள். எல்லாமே இன்னொன்றின் உள்ளே. ஆள் நகர்ந்தால் கையிலிருப்பதும் கூடவே நகரும். கடிதம் கட்டுக்குள், கட்டு பைக்குள், பை பெட்டிக்குள் என்று அரக்கு முத்திரை வைத்து அனுப்பியவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். குன்றின் மேல் கடையில் ஒரு வயதான அம்மாள். கடிதத்தைக் கொடுத்தால், மூக்குக்கண்ணாடி இல்லை, நீயே உடைத்துப் படி என்கிறாள். இந்த இடத்தில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்தவர் கடிதத்தை உடைப்பது எங்கள் வேலையில் மகா பாவம், சட்டப்படி குற்றமும்கூட. ஆனால் பெறுபவரே படிக்கச் சொன்னால்? நம் கிராமங்களில் தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எத்தனை பேருக்கு மகன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார். அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதியவருக்கு இது எப்படித் தோன்றியது என்று தெரியவில்லை. மனுஷன் சரியாகப் பிடித்துவிட்டார்.

கடிதத்தில் இருப்பது மிரட்டல். அம்மாளின் கறுப்புப் பூனை கடத்தப்பட்டுவிட்டது. பூனையின் பெயர் 'கேயாஸ்'. கடத்தியவள் 'ஈவில் ஒன்', தீயவள். பூனை வேண்டுமென்றால் ஆசைகளை நிறைவேற்றும் விஷ்பிரிங்கர் கல்லைக் கொடு என்கிறாள். அந்தக் காலத்தில் காசு கொடுத்து இந்த ஆட்டத்தை வாங்கியவர்களுக்கு அட்டைப்பெட்டிக்குள் நிஜமாகவே ஒரு கடித உறை கிடைத்தது. கூடவே ஃபெஸ்டரானின் வரைபடம், கல்லின் புராணத்தைச் சொல்லும் சிறு புத்தகம், இருட்டில் ஒளிரும் ஒரு பிளாஸ்டிக் கல். இப்படிப் பெட்டியில் உபரிப் பொருள்கள் வைப்பது இன்ஃபோகாமின் பழக்கம். 1982-இல் 'டெட்லைன்' என்ற துப்பறியும் ஆட்டத்தில் தொடங்கியது. அந்த உறையைக் கையில் எடுத்துப் பிரித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். எனக்குக் கிடைத்தது திரைதான்.

கடையை விட்டு இறங்கி வந்தால் ஊரே மாறியிருக்கிறது. ஃபெஸ்டரான் இப்போது 'விட்ச்வில்', சூனியக்காரியின் ஊர். ஆள் இல்லாத ராட்சத பூட்ஸ்கள் தெருவில் ரோந்து போகின்றன. நீரூற்றில் நீந்திய தங்கமீன் இருந்த இடத்தில் பிரானா மீன். மயானத்தில் திரியும் ஆவிகள் கைப்பொருளைப் பிடுங்கிக்கொள்கின்றன. மந்திரக் கடை இருந்த குன்றில் இப்போது அகழியும் தொங்குபாலமும் உள்ள கோட்டைக் கோபுரம் ஒன்று நிற்கிறது. பூனையைத் தேடிக்கொண்டு அதற்குள் போக வேண்டும்.

தெருவில் தபால்பெட்டிகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. அதில் ஒரு குட்டித் தபால்பெட்டி நம்மோடு ஒட்டிக்கொண்டு தத்தித் தத்திப் பின்னாலேயே வருகிறது. ஸோர்க்கின் முதல் காட்சித் தபால்பெட்டிக்கு மோரியார்ட்டி செய்த மரியாதை இது என்று நினைக்கிறேன். ஆட்டத்தில் எனக்குப் பிடித்த பாத்திரம் அதுதான். பூனை இரண்டாவது.

ஊரைச் சுற்றி வரும்போது மெல்ல ஒன்று புலப்பட்டது. இந்த ஆட்டத்தில் சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாமே பட்டுவாடா. எலும்பு நாய்க்குப் போக வேண்டும். புழு பிரானாவுக்குப் போக வேண்டும், அப்போதுதான் நீரூற்றிலிருக்கும் டோக்கனைக் கையில் எடுக்கலாம். டோக்கன் ஆட்ட இயந்திரத்துக்குப் போக வேண்டும். நூலகர் வாஸ் அம்மையார் ஒரு சீட்டைக் கொடுத்து போஸ்ட்மாஸ்டர் கிறிஸ்ப்பிடம் சேர்க்கச் சொல்கிறார். காதல் கடிதம்! அந்தச் சிடுமூஞ்சிக்கா என்று நினைத்தேன். பிறகு கோபுரத்துக்குள் கிறிஸ்ப்பையே வேறு கோலத்தில் பார்க்க நேரும்போது அந்தச் சீட்டுதான் நம்மைக் காப்பாற்றுகிறது. நூலகத்தின் காட்சிக்கூடத்தில் ஒரு பூனைச் சிலை, நெற்றியில் ஒரு குழி. அந்தக் குழிக்கும் சேர வேண்டியது ஒன்று உண்டு. அதை நான் சொல்லமாட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இந்த வகை ஆட்டங்கள் எல்லாமே இப்படித்தான். சாவி பூட்டுக்கு, விளக்கு இருட்டுக்கு, உணவு பசித்தவனுக்கு. எந்தப் பொருள் எந்த முகவரிக்கு என்று கண்டுபிடித்துச் சேர்ப்பதே ஆட்டம். மற்ற ஆட்டங்கள் இந்த வேலையை வீரனுக்கும் புதையல் வேட்டைக்காரனுக்கும் கொடுத்தன. மோரியார்ட்டி ஒருவர்தான் அதை அதற்கு உரியவனிடம், தபால் குமாஸ்தாவிடம் கொடுத்தார். இதை ஒரு தபால்காரன் சொல்வதால் பட்சபாதம் என்று தள்ளிவிடலாம். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

ஆசைக்கல்லின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. கல் நம் கைக்கு வருகிறது. அதைக்கொண்டு ஏழு ஆசைகள் கேட்கலாம்: மழை, ஆலோசனை, பறத்தல், இருட்டு, முன்னறிவு, அதிர்ஷ்டம், விடுதலை. ஒவ்வொன்றையும் ஒருமுறைதான் கேட்க முடியும், ஒவ்வொன்றுக்கும் உரிய பொருளும் வேண்டும். மழை வேண்டுமானால் கையில் குடை இருக்க வேண்டும். பறக்க வேண்டுமானால் துடைப்பக்கட்டையில் உட்கார வேண்டும். அதிர்ஷ்டத்துக்குக் குதிரை லாடம்.

ஆனால் இந்த ஏழில் ஒன்றையும் கேட்காமல் ஆட்டத்தை முடித்துவிடலாம். வழி அடைக்கும் இடத்தில் ஆசை கேட்டுத் தப்பிக்கலாம், அல்லது சுற்றுமுற்றும் பார்த்து மூளையைக் கசக்கி வேறு வழி காணலாம். ஆசை கேட்டுக் கேட்டு முடித்தால் முழு மதிப்பெண் வராது, அவ்வளவுதான். யாரும் திட்டமாட்டார்கள். பூனையும் திரும்பி வரும். இன்ஃபோகாம் இதைப் புதியவர்களுக்கான ஆட்டம் என்றே விற்றது. முதல்முறை வருகிறவன் ஆசை கேட்பான், மறுமுறை கேட்காமல் முயல்வான். ஒரே ஆட்டத்துக்குள் எளிய ஆட்டமும் கடினமான ஆட்டமும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. அந்தக் காலத்து மற்ற ஆட்டங்களில் மாட்டிக்கொண்டால் நாள் கணக்கில் மாட்டிக்கொண்டதுதான். அதை நம்பியே இன்ஃபோகாம் 'இன்விசிக்ளூஸ்' என்று குறிப்புப் புத்தகங்கள் விற்றது. விடைகள் கண்ணுக்குத் தெரியாத மையில் அச்சாகியிருக்கும், கூடவே வரும் பேனாவால் தடவினால்தான் தெரியும். ஒரு விடையை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததில் கை வைக்காமல் இருந்தவர் யாராவது இருந்திருப்பாரா?

படங்கள் அழகாக வரத் தொடங்கியதும் எழுத்து ஆட்டங்களின் வியாபாரம் படுத்தது. 1986-இல் ஆக்டிவிஷன் நிறுவனம் இன்ஃபோகாமை வாங்கியது, 1989-இல் கேம்பிரிட்ஜ் அலுவலகத்தை மூடியது. மோரியார்ட்டி அதற்குள் அணுகுண்டைப் பற்றி 'டிரினிட்டி' என்ற அற்புதமான ஆட்டத்தையும் எழுதிவிட்டு, லூகாஸ்ஃபிலிம் பக்கம் போய் 1990-இல் 'லூம்' செய்தார். வியாபாரம் செத்தபின்தான் ரசிகர்கள் கையில் எடுத்தார்கள். 1993-இல் கிரஹாம் நெல்சன் என்ற ஆங்கிலேயர் இசட் மெஷினுக்கு ஆட்டம் எழுத 'இன்ஃபார்ம்' என்ற மொழியை இலவசமாகக் கொடுத்தார். 1995-லிருந்து எழுத்து ஆட்டங்களுக்கு ஆண்டுதோறும் போட்டி நடக்கிறது. பூனைகளை இவர்களும் விடவில்லை. 1999-இல் வந்த 'எ டே ஃபார் சாஃப்ட் ஃபுட்' என்ற ஆட்டத்தில் விளையாடுகிறவரே பூனை.

இதையெல்லாம் பார்த்துவிட்டுப் பேத்தி இப்போது தமிழில் ஒரு ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிறாள். பூனைகள் ஆளும் ஒரு கோட்டை. வாசலில் காவல், மடைப்பள்ளியில் பால் பண்டாரம், கொலுமண்டபத்தில் ஒரு கிழட்டுப் பூனை ராஜா. பிரச்சினை கோட்டையில் இல்லை, கட்டளையில். ஆங்கிலத்தில் 'கேட்' எங்கே வந்தாலும் 'கேட்'தான். நம்மிடம் பூனையை, பூனைக்கு, பூனையிடம், பூனையோடு. வால் நீண்டுகொண்டே போகும். இன்ஃபோகாம்காரர்கள் போலத் தலைப்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாதா என்று கேட்டேன். பூனைக்குச் சரி தாத்தா, மரம் மரத்தை ஆகிறதே, வீடு வீட்டை ஆகிறதே, தலைப்பக்கமே மாறுகிறதே என்றாள். அதற்கு ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறாள். வினை கடைசியில் வருவதால் வாக்கியத்தைப் பின்னாலிருந்து முன்னால் படிக்கும்படி எழுதியிருக்கிறாள்.

இன்னொரு சிக்கலுக்கு என்னிடம் வந்தாள். கோட்டையில் ஒன்பது பூனைகள். 'பூனையைத் தூக்கு' என்று தட்டினால் 'எந்தப் பூனை?' என்று ஒவ்வொரு தடவையும் கேட்கிறது. விளையாடுகிறவனுக்கு எரிச்சல் வராதா? இது எங்களுக்குப் பழைய வியாதி. தமிழ்நாட்டில் எத்தனை புதூர், எத்தனை நல்லூர்! இந்தியா முழுக்க ஒரே பெயரில் இருக்கும் ஊர்களின் தொல்லை தாங்காமல்தான் 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு கொண்டுவந்தார்கள். ஆறு இலக்கம். 6-இல் தொடங்கினால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். அதற்கு முன்னால் வெறும் 'புதூர்' என்று வந்தால் சார்ட்டர் என்ன செய்வான்? கடிதம் எந்தக் கட்டில் வந்தது என்று பார்ப்பான். மதுரைக் கட்டில் வந்த புதூர் மதுரைப் புதூர். நீயும் அதையே செய் என்றேன். விளையாடுகிறவன் நிற்கும் அறையில் ஒரே ஒரு பூனை இருந்தால் கேட்காதே, அதைத் தூக்கிக் கொடுத்துவிடு. இன்ஃபோகாம் ஆட்டங்களிலும் கண்ணெதிரே இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்களாம். ஒப்புக்கொண்டாள்.

மிச்சம் இருப்பது மடைப்பள்ளி. பால் கறந்து வரும் நேரத்தில் ஒன்பதும் அங்கே கூடிவிடுகின்றன. அங்கே ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்து, விளையாடுகிறவன் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அந்தப் பூனை வரட்டும் என்கிறாள் அவள். கூப்பிட்டால் வந்துவிட்டால் அது என்ன பூனை என்கிறேன் நான். வழக்கு இன்னும் தீரவில்லை.